சல்லிக் காசின் சரித்திரம்

பணம் என்பதைச் சல்லி என்று சொல்வது இந்நாட்டிலே பொதுவழக்கு. தமிழர் மாத்திரமன்றிச் சிங்கள மக்களும் அச்சொல்லையே வழங்குகின்றனர். வீடு கட்டச் சல்லி வேண்டும், கலியாணத்துக்குச் சல்லி தேட வேண்டும் என்று பேசும்போது நம் மனத்திலே நிற்பது ஆயிரக் கணக்கான, இலட்சக் கணக்கான ரூபா. ஆனாற் சல்லி என்பது, ஒல்லாந்தர் ஆண்ட காலத்திலே இங்கு நடமாடிய நாணயங்கள் யாவற்றினும் சிறிய செம்புக் காசின் பெயர். நான்கு சல்லி சேர்ந்தால் ஒரு ஸ்டைவர். நான்கு ஸ்டைவர் சேர்ந்தால் ஒரு பணம். பன்னிரண்டு பணம் சேர்ந்தால் ஒரு ரிக்ஸ் டொலர். ஒரு ரிக்ஸ் டொலரை 192 கூறாக்கினால் வருவது எதுவோ அதுவே சல்லி. ரிக்ஸ் டொலர் என்ற பெயரை இன்று சரித்திர மாணவரன்றி வேறெவரும் அறியார். அதன் நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஒரு பங்கான சல்லியோ இலங்கை முழுவதும் வாழ்கிறது.

துட்டு என்ற சொல்லும் இத்தகையதே. ஒல்லாந்தரின் 'டொயிட்' என்னுஞ் செம்புக் காசின் பெயர் தமிழர் நாவிலே துட்டு ஆயிற்று. காசு என்பது அவையிரண்டினும் பழையது. ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் 'காஷ்' என்ற சொல் நம்முடைய காசிலிருந்து பிறந்தது என்று பெருமையோடு கூறுவோர் உளர். அது பொருந்தாது. அந்தக் 'காஷ்' பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. தென்னிந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறு செம்பு நாணயங்களுக்கு ஐரோப்பியர் இட்ட 'காஷ்' என்ற பெயர்தான் நம்முடைய காசின் வழித் தோன்றல்.

நாணயச் சரித்திரம் எழுதுவோர் பெரும்பாலும் பொன்னையும் வெள்ளியையுமே பேசுவர். அரசனின் பெயரும் உருவமும் அவற்றிலேதான் அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரு கைப்பிடி உப்போ, நாலு வெற்றிலையோ வாங்கப் போகிறவளுக்குப் பொற்காசினால் ஆவது என்ன? அவளுக்கு வேண்டியது சில்லறை. அது கிடைத்த காலமும் உண்டு. கிடையாத காலமும் உண்டு. இவ்விரண்டையும் தீர்மானித்தவர் அவளல்லர். கிடையாதபோது நட்டப்பட்டவர் மாத்திரம் அவளும் அவள் போன்றோருமே. இந்தச் செய்தி இலங்கைச் சரித்திரத்திலே மிகப் பழைய காலந்தொட்டுத் தெரிகிறது.

கி. பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரிய உரோமச் செம்புக் காசுகள் இத்தீவின் பல பாகங்களிலே, சிறப்பாகத் தென்கரையோரத்திலே, ஏராளமாக அகப்பட்டிருக்கின்றன. அவை நகத்தளவினவான மிகச் சிறு காசுகள். பலவற்றிலே எழுத்தும் உருவும் தேய்ந்து போயின. உரோமாபுரியிலிருந்து மிளகுக்கும் மணிக்கும் பொன் வந்தது என்றால் எவரும் வியக்கமாட்டார். தேய்ந்த செம்பு வந்தது ஏன்? உரோம நாட்டிலே அப்பத்துக்கும் எண்ணெய்க்கும் கொடுத்து வாங்கப்பட்ட அந்தக் காசு, இங்கும் சந்தைச் சில்லறையாகவே பயன்பட்டது என்பதுதான் ஆராய்ச்சியாளர் பலர் கூறும் விடை. உள்ளூரிற் சில்லறை போதாமையாற் கடல் கடந்து வந்த காசை மக்கள் ஏற்றனர். வந்ததும் போதாதபோது, அதனைப் பார்த்து இங்கேயே வார்த்துக் கொண்டனர். உரோமக் காசைப் போலச் செய்யப்பட்ட அந்த உள்ளூர்க் காசுகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அதிலிருந்த பேரரசன் யார் என்று வாங்கியவனும் அறியான், விற்றவனும் அறியான். சிறிய காசு வேண்டியிருந்தது; அது கிடைத்தது. அவ்வளவே.

அதன் பின்னர் ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளிலே ககவணு என்ற பொற்காசு தோன்றிற்று. ஒரு பக்கத்தில் நிற்கும் உருவம். மறு பக்கத்தில் அமர்ந்திருக்கும் உருவம். முதலாம் இராசராச சோழன் இந்நாட்டின் வடபாகத்தை வென்றபின் வெளியிட்ட காசுகளிலும் இதே அமைப்பைக் காண்கிறோம். அவன் பெயர் நாகரி எழுத்திலே பொறிக்கப்பட்டிருக்கிறது. சோழர் கல்வெட்டுக்களிலே ஈழக்காசு என்ற பெயர் வருவதும் நேயர்கள் அறிந்ததே. சோழர் போயினர், காசின் அமைப்புப் போகவில்லை. பொலனறுவையிலே முதலாம் பராக்கிரமபாகு (1153 - 1186), நிசங்கமல்லன், அரசி லீலாவதி ஆகியோர் வெளியிட்ட செம்புக் காசுகளில் அந்த நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமுமே தொடர்ந்தன. பொன்னிலே தொடங்கிய உருவம் செம்பிலே முடிந்தது. அதனைப் பொருள் வளம் குன்றியதன் அறிகுறி என்று கொள்வோர் உளர். அதிலே உண்மை உண்டு. ஆயினும் பொன்னாய் இருந்தபோது அக்காசைக் கண்ணாலுங் காணாத குடியானவன் கைக்கு, செம்பான பின்னரே அரசனின் உருவம் வந்து சேர்ந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகளும் செம்பே. ஒரு பக்கத்தில் மனித உருவம். மறு பக்கத்தில் நந்தியும் பிறையும். அதன்கீழே 'சேது' என்ற தமிழ் எழுத்து. இராமேசுவரத்துச் சேதுவைக் காக்கும் உரிமை தமக்குண்டு என்று பாராட்டிய அரசர், அந்தச் செருக்கைப் பொறித்து வைத்தது ஒரு சிறு செம்புக் காசிலே.

கண்டி இராச்சியத்திலே நிலைமை எவ்வாறிருந்தது என்பதை றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் நமக்கு விளக்குகிறார். 1660 முதல் 1679 வரை இராசசிங்க மன்னனின் நாட்டிலே சிறைப்பட்டிருந்த அவர், தப்பிச் சென்று 1681 இல் இலண்டனிலே தம் நூலை வெளியிட்டார். கண்டி நாட்டிலே மூவகை நாணயம் நடந்ததாக அவர் எழுதுகிறார். முதலாவது, போர்த்துக்கேயர் அடித்த வெள்ளித் தங்கம் (பெயர்தான் தங்கம், பொருள் வெள்ளியே). இரண்டாவது, தூண்டில் முள்ளைப் போல் வளைத்த வெள்ளிக் கம்பி. இதனை அரசன் அனுமதியோடு எவரும் செய்யலாம். சந்தேகமானால் நெருப்பிலே பழுக்கக் காய்ச்சி நீரிலே தோய்ப்பார்கள். தூய வெண்மையாகத் தோன்றாவிடில் அது செல்லாது. மூன்றாவது, அரசனுக்கே உரிய பணம். அது உடையிலே தைக்கும் மினுக்குப் பொட்டளவே ஆனது. எழுபத்தைந்து சேர்ந்தால் ஒரு ஸ்பானிய டொலர். அதனை வேறெவரேனும் அடித்தால் மரண தண்டனை.

பெரிய நாணயத்தை எவனும் செய்யலாம். சின்னஞ்சிறு நாணயத்தைச் செய்தால் உயிர் போகும்! முதலிற் கேட்போர் இதனைத் தலைகீழான நீதி என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தூண்டில் வெள்ளியின் பெறுமதி அதிலுள்ள வெள்ளியிலேயே இருந்தது. நெருப்பே அதற்குச் சாட்சி. பொட்டளவான காசை யார் நெருப்பிலிட்டுப் பார்ப்பார்? அதை வாங்குபவன் அரசனை நம்பித்தான் வாங்கினான். சிறு காசு எப்பொழுதும் நம்பிக்கையின் மேலேயே நிற்பது. அந்த நம்பிக்கைக்கு உத்தரவாதம் அளிப்பது ஆள்பவரின் கடமை என்பதைக் கண்டி மன்னன் கொடூரமான முறையிலே உணர்ந்திருந்தான் போலும். எனினும் எவ்வகை நாணயமும் அங்கே அரிதாகவே இருந்ததென்றும், மக்கள் பெரும்பாலும் பண்டமாற்றுச் செய்தே வாழ்ந்தனரென்றும் நொக்ஸ் கூறுகிறார்.

கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் தங்கள் செம்புக் காசைத் தாய்நாட்டிலிருந்து கப்பலேற்றி வருவித்தனர். 1780 இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டது. கடல் வழி இடருற்றது. அதனால் இலங்கையிலேயே தடித்த செம்புத் துண்டுகளைக் காசாக அடித்தனர். கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய இடங்களைக் குறிக்கும் எழுத்துக்கள் அவற்றிலே உள்ளன. பார்வைக்கு அழகற்றவை, விளிம்பு ஒழுங்கற்றவை. அக்காலத்திலேதான், 1785 இல், கடதாசிப் பணமும் முதன்முதலாக இங்கு வெளிவந்தது. உலோகம் தீர்ந்தாற் கடதாசி வரும் என்பது அன்று தொடங்கிய வழக்கம்.

1796 இல் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் முதலில் அந்தப் பழைய வாய்பாட்டையே கைக்கொண்டு, யானை உருவம் பொறித்த தடித்த செம்புக் காசுகளை அடித்தனர். 1825 இலேதான் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. இனிமேல் இலங்கையின் கணக்கு இங்கிலாந்தின் பவுண், சிலிங், பென்னிக் கணக்கே என்று விதிக்கப்பட்டது. ஒரு ரிக்ஸ் டொலரின் விலை ஒரு சிலிங்கும் ஆறு பென்னியும், அதாவது பதினெட்டுப் பென்னி என்று நிர்ணயித்தனர்.

இங்கே நேயர்கள் சற்றுப் பொறுமையோடு என்னுடன் கணக்குப் பார்க்க வேண்டும். பதினெட்டுப் பென்னிக்கு 192 சல்லி என்றால், ஒரு சல்லி ஒரு பென்னியின் முப்பத்திரண்டில் மூன்று பங்கு. இங்கிலாந்திலே அப்போதிருந்த மிகச் சிறு காசு பார்திங். அது பென்னியிற் கால் பங்கு, அதாவது முப்பத்திரண்டில் எட்டு. இரண்டரைச் சல்லிக்கும் மேலான அதனைக் கொண்டு இலங்கைச் சந்தையில் என்ன வாங்குவது? ஆகவே 1828 இல் இலங்கைக்கென்றே அரைப் பார்திங் அடித்தனர். அதுவும் பெரிதாயிருந்தமையால் 1839 இல் காற் பார்திங் அடித்தனர். பென்னியிற் பதினாறில் ஒரு பங்கான அந்தக் காற் பார்திங், பிரித்தானிய நாணயச்சாலை அடித்த காசுகளிலே மிகச் சிறு பெறுமதியுடையது. அது இங்கிலாந்தில் ஒரு நாளும் வழங்கவில்லை. இலங்கை ஏழையின் கைக்காகவே பிறந்து, 1853 ஆம் ஆண்டுக்குப்பின் புழக்கத்துக்கென அடிக்கப்படாமல் நின்றது. பணத்துக்கு ஈடாக ஒன்றரைப் பென்னி வெள்ளிக் காசும் வந்தது.

இத்தனை செய்தும் சல்லிக்குச் சரியான ஈடு கிடைக்கவில்லை. அரைப் பார்திங் முப்பத்திரண்டில் நான்கு, காற் பார்திங் முப்பத்திரண்டில் இரண்டு, சல்லியோ மூன்று. ஒரு சல்லிக்கு வெற்றிலை விற்றவள், புதுக் காசிலே நான்கு கேட்டால் வாங்குபவனுக்கு நட்டம். இரண்டு கேட்டால் அவளுக்கு நட்டம். பழைய செம்புக் காசுகள் உடனே மறைந்துவிடாமையால் இடர் ஓரளவு குறைந்திருக்கும். எனினும் இலண்டனில் வகுத்த வாய்பாட்டிலே ரிக்ஸ் டொலர் பின்னமின்றிப் பொருந்திற்று; பணம் பொருந்திற்று; சல்லி மாத்திரம் இரண்டு காசுக்கும் நடுவே விழுந்தது. பெரிய தொகைக்கு வாய்பாடு வகுத்தால் மிச்சம் விழுவது சிறிய தொகையின் தலையிலேயே.

கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டிலே பரவியபோது சில்லறைப் பஞ்சம் வேறொரு வடிவம் கொண்டது. கொழும்பிலே கோப்பிக் கொட்டையைத் தெரிந்து பிரிக்கும் ஆலைகள் பல இருந்தன. அங்கே நாட் கூலிக்கு உழைத்தவர் பெண்கள். அவர்களுக்கு அன்றன்று கூலியாகக் கொடுக்கச் சிறு நாணயம் போதவில்லை. ஆகவே வணிக நிறுவனங்கள் தங்கள் பெயர் பொறித்த உலோக வில்லைகளை அடித்து, ஒரு நாள் வேலைக்கு ஒரு வில்லை எனக் கொடுத்தன. சம்பள நாளிலே வில்லைகளைக் கொடுத்துக் காசு பெறவேண்டும். 1924 இல் இலங்கை நாணயங்களைப் பற்றி விரிவான நூலொன்று எழுதிய எச். டபிள்யூ. கொட்றிங்டன் போன்ற அறிஞர் இந்த வில்லைகளை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கின்றனர். நாணயம் சேர்ப்போர் இன்று அவற்றை மிகுந்த விலை கொடுத்து வாங்குகின்றனர். ஆனால் அன்று அவ்வில்லையைப் பெற்ற பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவள் உழைத்துவிட்டாள், கூலியும் கையில் இருக்கிறது, ஆனால் முதலாளியின் வாசலைத் தவிர வேறெங்கும் அதற்கு உரிமையான பெறுமதி இல்லை. அரசாங்கத்தின் காசுக்கும் முதலாளியின் வில்லைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். காசை வாங்கியவன் எந்தக் கடைக்கும் போகலாம்.

தோட்டக் கூலிக்கு வேண்டிய வெள்ளி ரூபாவை இந்தியாவிலிருந்து இறக்கினர். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் ஊருக்குக் கொண்டு செல்லத்தக்க நாணயமாக அதனையே விரும்பினர். மக்கள் கையில் ரூபா. அரசாங்கக் கணக்கில் பவுண் என்ற இந்த இரட்டை வாழ்க்கை நெடுநாள் நடந்தது. 1869 இல் இந்திய ரூபா சட்டபூர்வமாயிற்று. 1872 இல் ஒரு ரூபாவை நூறு சதமாகப் பிரித்தனர். ரூபாவையும் அணாவையும் பைசாவையும் வைத்துக் கணக்குப் பார்த்த இந்தியா, பதின்மக் கணக்குக்கு வந்தது 1957 இலேயே. இங்கிலாந்து வந்தது 1971 இல். நாம் இங்கிலாந்துக்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டு முந்தியவர்கள். பெருமை பேச நமக்குக் கிடைக்கும் வாய்ப்புக்கள் சிலவே; ஆகையால் இதனைச் சற்று உரக்கவே சொல்கிறேன்.

புதிய செம்புக் காசுகள் காற் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம் என நான்கு. ஒரு பக்கத்தில் விக்டோரியா அரசி. மறு பக்கத்தில் ஒரு பனை மரம். மரத்தின் இருபுறமும் பெறுமதி சிங்களத்திலும் தமிழிலும். அலுவலகங்களிலே ஆங்கிலமே கோலோச்சிய காலத்தில், அரசாங்கம் மக்களோடு அவர்கள் மொழியிலே பேசிய இடங்களுள் ஒன்று இந்தக் காசு. காற் சதத்தைக் கையில் வைத்திருப்பவன் ஆங்கிலம் படித்தவனாயிருக்கமாட்டான் என்பது நாணயம் வகுத்தவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஐந்து சதக் காசு உள்ளங்கையிலே கனத்தது. 1909 இல் அதற்குப் பதிலாகச் செம்பும் நிக்கலும் கலந்த சதுரக் காசு வந்தது. மூலைகள் மழுங்கிய அந்தச் சதுரத்தை நம் முதியோர் பலரும் நினைவில் வைத்திருப்பர். 1944 இல் இரண்டு சதமும் பத்துச் சதமும் பூவிதழ் போல நெளிந்த விளிம்போடு வந்தன. இது அலங்காரத்துக்காக மாத்திரமன்று. இருட்டிலே மடியைத் தடவினாற் சதுரம் எது, பூ எது, வட்டம் எது என்று விரல் சொல்லிவிடும். கண்பார்வை இல்லாதவரும் ஏமாறார், எழுத்தறியாதவரும் ஏமாறார். எவரையும் வெளியே நிறுத்தாத கணக்கு அது.

கடதாசி நாணயத்தின் கதை வேறு. 1884 ஆம் ஆண்டு மே மாதம் ஒறியன்டல் வங்கி முறிந்தது. கோப்பி நோயினால் ஏலவே தளர்ந்திருந்த நாடு கலங்கிற்று. அவ்வங்கி வெளியிட்ட தாள்களை வைத்திருந்தோர் திகைத்தனர். தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். அவ்வாண்டின் சட்டத்தினாலே தாள் வெளியிடும் உரிமை வங்கிகளிடமிருந்து அரசாங்கத்துக்கு வந்தது.

இரண்டாவது உலகப் போரின்போது அக்கடதாசி சில்லறைக்கும் இறங்கி வந்தது. 1942 இல் உலோகம் கிடைப்பது அரிதாயிற்று. சிறு நாணயம் போதவில்லை. அரசாங்கம் ஐம்பது சதம், இருபத்தைந்து சதம், பத்துச் சதம் ஆகியவற்றுக்கும் தாள் அடித்தது. ஐந்து சதத் தாளோ உலகத்திலே வேறெங்கும் காண்பதற்கரியது. இரண்டு சதத் துண்டும் மூன்று சதத் துண்டும் ஒட்டிய ஒரே தாள். நடுவே தபால் முத்திரைகளுக்கிடையே இருப்பது போன்ற துளை வரிசை. ஐந்து சதத்துக்குப் பொருள் வாங்கினால் முழுத் தாளையும் கொடுக்கலாம். இரண்டு சதத்துக்கு வாங்கினால் துளையின் வழியே கிழித்துக் கொடுத்து, மூன்று சதத்தை மடியிலே செருகிக் கொண்டு போகலாம். சரிபாதியாக ஏன் பிரிக்கவில்லை என்று கேட்கலாம். சரிபாதியென்றால் இரண்டரைச் சதம் இரண்டு. அவற்றைக் கொண்டு இரண்டரையும் ஐந்தும் மாத்திரமே கொடுக்க முடியும். இரண்டும் மூன்றுமாகப் பிரித்தால் இரண்டு, மூன்று, ஐந்து என மூன்று விலைகளுக்கு ஒரே தாள் உதவும். போர் வாசலில் நின்ற ஆண்டிலே, அரிசிக்கும் துணிக்கும் மக்கள் வரிசையில் நின்ற ஆண்டிலே, எவரோ ஓர் உத்தியோகத்தர் இரண்டு சதக் கொள்வனவைப் பற்றி இவ்வளவு சிந்தித்திருக்கிறார். இந்நாட்டு நாணயங்களிலே எனக்கு மிகவும் உவப்பானது யாதெனக் கேட்டால், அந்தக் கிழிசல் தாளையே சொல்வேன்.

1950 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்திலே மத்திய வங்கி தொடங்கிற்று. 1963 இல் மன்னர் தலை நீங்கி, இலங்கை இலச்சினை பொறித்த நாணயங்கள் வெளிவந்தன. ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியத்தில் வந்தன. காற்றில் பறந்துவிடுமோ என அஞ்சத்தக்க அளவு இலேசானவை. 1978 இல் ஐந்து சதமும் பத்துச் சதமும் அலுமினியமாயின. பெறுமதி குறையக் குறைய உலோகமும் இலேசாகிக் கொண்டே வந்தது. 1984 இல் இரண்டு ரூபாவும் ஐந்து ரூபாவும், 2009 இல் பத்து ரூபாவும் நாணயமாயின. ஒரு தலைமுறையிலே தாளாய் இருந்தது மறு தலைமுறையிலே சில்லறை ஆகிவிடுகிறது.

பெரிய தாள் இறப்பதற்கும் சிறிய காசு இறப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1970 இல் நிதி அமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்களைச் செல்லாதவை ஆக்கினார். அது நாடெங்கும் அறிந்த செய்தி. தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குத் தவணை இருந்தது. சதத்துக்கு அத்தகைய அறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சதக் காசிலே காணும் கடைசி ஆண்டு 1994. அதற்கு நெடுநாள் முன்னரே கடைக்காரர் அதனை வாங்க மறுத்துவிட்டனர். சிறு காசு சட்டத்தினால் இறப்பதில்லை, விலைவாசியினால் இறக்கிறது. 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. சதம் சென்ற வழியே ஒரு ரூபாவும் செல்வதற்கு அந்த ஒரே ஆண்டு பல ஆண்டின் வேலையைச் செய்தது.

காசு இல்லாத இடத்தை என்ன நிரப்பிற்று? இதனை நேயர்கள் என்னிலும் நன்கு அறிவர். கடையிலே மிச்சக் காசுக்குப் பதிலாக ஒரு டொபி தருகின்றனர். மறுநாள் அந்த டொபியைக் கொடுத்து நாம் எதையேனும் வாங்க முடியுமா? முடியாது. கோப்பி ஆலையின் வில்லையாவது சம்பள நாளிலே காசாயிற்று. பஸ்ஸிலே நடத்துனர் சில்லறை இல்லை என்கிறார், இறங்குமிடம் வருகிறது, மிச்சம் அவரிடமே நிற்கிறது. ஒரு முறைக்கு இரண்டு ரூபா, மூன்று ரூபா. நாள்தோறும் இருமுறை ஏறுகிறவன் ஒரு மாதத்திலே இழப்பதைக் கூட்டிப் பார்த்தால் அது அற்பமன்று.

இனி வருங்காலத்தைப் பற்றிச் சிலர் சொல்லும் விடை எளிது: காசே வேண்டாம், கைத்தொலைபேசி போதும். மத்திய வங்கி லங்கா கியூஆர் என்னும் பொதுக் குறியீட்டு முறையை வகுத்துப் பல ஆண்டு ஆகிவிட்டன. 2025 இல் அரசாங்கக் கட்டணங்களைத் தொலைபேசி வழியே செலுத்தும் ஏற்பாடும் தொடங்கிற்று. இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. வெகு தூரம் சென்று வரிசையில் நிற்கும் துன்பம் குறைகிறது.

ஆயினும் ஒரு புதுமையைக் கவனியுங்கள். ரூபா இன்றும் நூறு சதமே. பெரிய அங்காடியின் பற்றுச்சீட்டிலே சதம் அச்சாகிறது. வங்கிக் கணக்கிலே சதம் ஓடுகிறது. 499 ரூபா 50 சதம் என்ற பற்றுக்கு, அட்டையாலோ தொலைபேசியாலோ செலுத்துபவரின் கணக்கிலிருந்து 499 ரூபா 50 சதமே கழிகிறது. ரொக்கம் கொடுப்பவர் 500 ரூபாத் தாளைக் கொடுத்து வெறுங்கையோடு திரும்புகிறார். சதம் செத்துவிட்டது என்பது முழு உண்மையன்று. கணக்குடையோருக்கு அது உயிரோடிருக்கிறது; கையிலே காசு வைத்திருப்போருக்கு மாத்திரம் அது செத்தது. சரியான விலையைச் செலுத்தும் உரிமை முன்னே மடியிலிருந்த செம்போடு இருந்தது. இப்போது அது வங்கிக் கணக்கோடு குடிபெயர்ந்துவிட்டது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. கனடா 2013 இல் ஒரு சதக் காசை வினியோகிப்பதை நிறுத்தியபோது, ரொக்கமாய்ச் செலுத்தும் தொகையை அருகிலுள்ள ஐந்து சதத்துக்கு, மேலே என்றாலும் கீழே என்றாலும், சீராக்கும் வழியை அந்நாட்டு அரசாங்கம் வகுத்துக் கூறிற்று. ஒருமுறை கடைக்காரருக்கு இலாபம். மறுமுறை வாங்குபவருக்கு இலாபம். சிறு காசை நிறுத்துவது குற்றமன்று. அதன் இடத்தை யார் நிரப்புவது என்பதைக் கல்லாப் பெட்டிக்கு முன்னால் இருப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதே தவறு.

மின்சாரத்தை நம்பிக் காசைக் கைவிடலாமோ என்பது வேறொரு கேள்வி. யாழ்ப்பாணக் குடாநாடு 1990 முதற் பல ஆண்டு மின்சாரமின்றி வாழ்ந்தது. அக்காலத்திலே அங்கு நடந்த கொடுக்கல் வாங்கல் யாவும் கையிலிருந்து கைக்கு மாறிய காசினாலேயே நடந்தது. 2022 மார்ச்சு இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளிற் பதின்மூன்று மணி நேரம் மின் வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை மின் நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்தது. தீவு முழுவதும் இருண்டது. அன்று பகல் எத்தனையோ கடைகளிலே, கல்லாப் பெட்டியின் அடியிற் கிடந்த ஐந்து ரூபா, பத்து ரூபா நாணயங்களைத் தேடி எடுத்துச் சில்லறை எண்ணிக் கொடுத்தனர்.